கண்டிஷன் அண்ணனும் முன்னறை மாமனாரும்

மலாக்காவைப் போர்த்துக்கீசியர் ஆண்டார்கள், டச்சுக்காரர் ஆண்டார்கள், பிரிட்டிஷ்காரர் ஆண்டார்கள், நடுவில் ஜப்பான்காரனும் வந்து போனான். ஆனால் அதே ஊரில், காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டைக் கண்டிஷன் அண்ணன் ஆண்ட மாதிரி இவர்களில் ஒருவர்கூட ஆளவில்லை. அவர்களெல்லாம் வரி கேட்டார்கள், சலாம் கேட்டார்கள், அதோடு விட்டார்கள். குளிக்கும்போது பாடுவாயா, பாடினால் என்ன பாட்டு, தண்ணீர் நின்ற பிறகும் பாட்டு நிற்காமல் போகுமா என்று குடிமக்களைக் கேட்டவர் அண்ணன் ஒருவர்தான்.

போன வாரம் புக்கிட் பாருவில் என் பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரமாக வந்து நின்றார். "சார், ஒரு ரூம் சும்மா கெடக்கு. யாருக்காச்சும் விடலாம்னு பாக்குறேன். என்னென்ன கவனிக்கணும்?" என்றார். மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு பலருக்கு வரும் சந்தேகம்தான் இது. அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்டிஷன் அண்ணன் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து போனார். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனுக்குப் பஸ் கம்பெனியில் செக்கர் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காக்கிச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, இடுப்பில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. பஸ்ஸில் ஏறியதும் பயணிகள் தாமாகவே டிக்கெட்டை நீட்டிவிடுவார்கள். மடியில் இருக்கும் கைக்குழந்தையைப் பார்த்து "இது இந்த ஸ்டாப்புல ஏறினதா, முன்னாடியே ஏறினதா?" என்று கேட்கக்கூடிய மனிதர்.

வீடு மேலே பலகை, கீழே சிமெண்டு. மாடியில் மூன்று அறைகள், கீழே பின்பக்கம் சமையல்கட்டும் குளிக்கும் இடமும். வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்தவர் அண்ணன். ஓர் அறையை அவர் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் உள்வாடகைக்கு விட்டிருந்தார். நடு அறைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்கு வந்த நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் நின்றேன்.

"என்னா வேல?"

"ரப்பர் யாவாரி ஆபீஸ்ல கிராணிண்ணே."

"கிராணியா? ஒக்காந்து எழுதுற வேல. அப்ப நல்லா தூங்குவ. படு."

"எங்கண்ணே?"

"இங்கதான். பாய் போட்டிருக்கேன்ல. படுத்துத் தூங்கு. கொறட்ட வருதான்னு நான் கேக்கணும்."

பாயின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் எவனுக்குத் தூக்கம் வரும்? கண்ணை இறுக மூடி மூச்சை அடக்கிக் கிடந்தேன். நல்ல வெயில் நேரம். சிறிது நேரத்தில் அண்ணனே நாற்காலியில் தூங்கிப்போனார். அதன் பிறகு வந்த குறட்டையில் சன்னல் கொக்கி ஆடியது. எனக்கு முன்னால் இந்தச் சோதனைக்கு வந்த ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார், இந்த இடத்தில்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அண்ணன் கண் விழித்துப் பார்த்துவிட்டு, "கொறட்ட விடுற ஆளுதான். வெக்கப்பட்டு ஓடிட்டான்" என்று தீர்ப்புச் சொன்னாராம். நான் ஓடவில்லை, போக வேறு இடமில்லை. அதனால் தேர்வானேன்.

பிறகு கண்டிஷன்கள் வந்தன. நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னார். காலையில் குளியலுக்கு முறை உண்டு. பழைய பஸ் டிக்கெட்டுகளை முதல் நாளே கொடுத்துவிடுவார். குளித்துவிட்டு வரும்போது அதில் ஓட்டை போடுவார். ஓட்டை விழுந்த டிக்கெட்டோடு மறுபடி கால் கழுவப் போனாலும் "இது செல்லாது தம்பி" என்பார். ஈரத் துண்டு காயப்போட ஆளுக்கு ஒரு முழக் கொடி. சாப்பாட்டை இலையிலோ தட்டிலோ மீதம் வைக்கக் கூடாது, இலையானால் சாப்பிட்டு முடித்து மடித்துவிட வேண்டும், வாயில் சோறு இருக்கும்போது பேச்சு ஆகாது. வேலை செய்த அழுக்கு உடையோடு முன்படி ஏறக் கூடாது, சமையல்கட்டு வழியாகப் பின்படி ஏற வேண்டும். இந்தக் கடைசி நான்கையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விருந்தாளி விஷயத்தில் இன்னும் கறார். "சொந்தக்காரங்க வரலாம். ஆனா மொகஜாட இருக்கணும்" என்றார். ஒரு தடவை என் தாய்மாமா தோட்டத்திலிருந்து வாழைத்தாரோடு வந்தார். அண்ணன் அவரை வாசலில் நிறுத்தி, என்னையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரையும் பக்கவாட்டில் திரும்பச் சொல்லிப் பார்த்தார். "காது மட்டுந்தான் ஒத்துப்போவுது. பொழுது சாயிற வரைக்கும் இருக்கலாம்" என்றார். மாமா அன்றோடு அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். வாழைப்பழத்தை அண்ணனும் சாப்பிட்டார், அதற்கு மட்டும் ஜாடை பார்க்கவில்லை.

இத்தனை கண்டிஷன் போட்ட மனிதருக்கு வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. வீட்டுக்காரர் பிபிக் மீனாட்சி, வயதான பெண்களை அங்கே பிபிக் என்பார்கள். காஜா பெராங்கில் பரம்பரையாக இருக்கும் மலாக்காச் செட்டி குடும்பம். இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசி, நெற்றியில் திருநீறு. விரதம், பூசை, கோயில் எல்லாம் எங்களைவிட ஒழுங்கு, ஆனால் பேச்செல்லாம் அவர்களுடைய மலாய். தமிழில் "சாமி", "படையல்" தாண்டி வார்த்தை வராது. நாங்களும் அவரிடம் எங்களுக்குத் தெரிந்த மலாயில்தான் பேசுவோம். அவர் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அந்த வீடு பிபிக்கின் மாமனார் கட்டியது. முன்னறையில்தான் அவர் படுப்பாராம். மருமகள் சமையலில் உப்பைப் பற்றிக் குறை சொல்லாமல் ஒருநாளும் அவர் கை கழுவியதில்லை என்று பிபிக்கே சொல்லியிருக்கிறார். செத்துப்போய்ப் பல காலம் ஆன பிறகும், மனிதர் அந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை என்பது பிபிக்கின் நம்பிக்கை. மற்ற முன்னோர்களுக்கெல்லாம் பொங்கலுக்கு முதல் நாள் அவர்கள் குடியிருக்கும் கம்போங் வீட்டில் படைப்பார்கள், பராச்சு என்பார்கள் அதை. மாமனாருக்கு மட்டும் சமைத்ததை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள். முன்னறையில் இலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாம்பிராணி போட்டுக் கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் கீழே வந்து உட்கார்வார்கள். பெரியவர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் போய்த் திறப்பார்கள். அன்று மத்தியானம் முன்னறை காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கண்டிஷன்.

முன்னறையில் வெகுகாலம் இருந்த தபால்காரருக்கு இது பழகிப்போயிருந்தது. அந்த நாளில் அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார். மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த வருஷக் கடைசியில் அவர் மாற்றலாகிச் சிரம்பானுக்குப் போனார். அறை காலியானது. அண்ணன் மறுபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

வந்தவன் மாரிமுத்து. ரொட்டிக்கடையில் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அண்ணனுக்கு இப்படி ஒரு ஆள் உலகத்தில் இருப்பதே நம்ப முடியவில்லை.

"ராத்திரிக்கு வீட்டுல இருக்கவே மாட்டியா?"

"மாட்டேண்ணே. வெடிஞ்சுதான் வருவேன்."

"அப்ப நீ கொறட்ட விட்டாலும் எனக்குக் கேக்காது."

"நீங்க விட்டாலும் எனக்குக் கேக்காதுண்ணே."

அண்ணன் இதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். சோதனையே இல்லாமல் உள்ளே வந்த ஒரே மனிதன் மாரிமுத்துதான். எல்லாக் கண்டிஷனையும் ஒப்பித்தான், எல்லாவற்றையும் நடத்தியும் காட்டினான். ராத்திரியெல்லாம் ரொட்டியின் முகத்திலேயே விழிக்கிறவன் ஆதலால் சோற்றைக் கண்டால் கும்பிடுவான்.

ஆனால் புது ஆள் வந்ததை அண்ணன் பிபிக்கிடம் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மெர்டேக்காவுக்குப் பிறகு ஊரெல்லாம் பிரஜா உரிமைப் பேச்சு. பதிந்துகொள்ள வேண்டும், பதிய ஆபீசில் கேள்வி கேட்பார்கள், இந்த ஆள் இத்தனை காலம் இங்கேதான் இருந்தான் என்று இந்த மண்ணில் பிறந்த மதிப்பான ஒருவர் வந்து சொன்னால் நல்லது என்று காப்பிக் கடையில் சொன்னார்கள். அண்ணன் சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே திரும்பிப் போய்த் தட்ட ஒரு கதவும் இல்லை. "இங்கயும் வேணாம்னுட்டா நான் எங்க போய் நிப்பேன்?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் அப்போது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயத்தைத் திட்டினார்.

வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவருக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. பிபிக் ஆபீசுக்குக் கூடவே வந்து ஒரு வார்த்தை சொல்வதாக ஒத்துக்கொண்ட பிறகுதான் சாப்பாடு இறங்கியது. பொங்கல் கழித்துப் போவதென்று பேச்சு. இந்த நேரத்தில் "உங்களைக் கேட்காமல் உங்கள் மாமனார் அறையில் ஆள் வைத்திருக்கிறேன்" என்று யார் போய்ச் சொல்வது? சரி, மாரிமுத்துவிடமாவது பராச்சு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதையும் சொல்லவில்லை. தனக்கும் மேலே கண்டிஷன் போடுகிறவர் ஒருவர் உண்டு என்று உள்வாடகைக்காரனிடம் ஒப்புக்கொள்ள அண்ணனுக்கு வாய் வரவில்லை. நல்லவேளையாக மாரிமுத்து, பொங்கலுக்கு முதல் நாள் கடையிலிருந்தே நேராகத் தோட்டத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். அண்ணன் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டார்.

அன்று விடிந்ததும் மாரிமுத்துவின் பாய், தகரப்பெட்டி, சட்டை எல்லாவற்றையும் தன் அறையில் ஒளித்துவைத்து, முன்னறையைக் கழுவித் துடைத்தார். பிபிக் குடும்பம் வந்தது. தலைவாழை இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, இறால் சம்பால், கோழிக் கறி, மீன், நாலைந்து வகைக் குவே பலகாரம். கும்பிட்டார்கள், கதவைச் சாத்தினார்கள், கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். யாரையும் ஒரு கேள்வி கேட்கவில்லை, அதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

மாரிமுத்துவுக்கோ கடையில் மாவு மூட்டை வந்து இறங்கி வேலை இழுத்துவிட்டது. தூங்கி எழுந்து சாயங்காலப் பஸ்ஸில் போகலாம் என்று வீட்டுக்கு வந்தான். உடம்பெல்லாம் மாவு. அழுக்கு உடையோடு முன்படி ஏறக் கூடாதே, அதனால் கண்டிஷன்படி சமையல்கட்டு வழியாகப் பின்படி ஏறினான். முன்பக்கம் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. அறைக்குள் போனால் பாயைக் காணோம், பாய் இருந்த இடத்தில் விருந்து இருக்கிறது. அண்ணன் மேலுக்குத்தான் கறார், மனசு தங்கம், பொங்கலுக்கு நமக்கு விருந்து போட்டிருக்கிறார் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டதாம். உட்கார்ந்தான். கண்டிஷன்படி பேசாமல் சாப்பிட்டான், மீதம் வைக்காமல் சாப்பிட்டான், இலையை மடித்தான்.

கீழே எங்கள் தலைக்கு மேலே ஓர் ஏப்பம் கேட்டது.

பிபிக் கையில் இருந்த காப்பிக் கோப்பை அப்படியே நின்றது. "கேட்டீர்களா?" என்றார். அண்ணன் "பூனை" என்றார். ஏப்பம் விடும் பூனையை எவரும் நம்பவில்லை. எல்லோரும் படியேறினோம். பிபிக் கதவைத் திறந்தார்.

சாம்பிராணிப் புகைக்கு நடுவில் தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெளுத்த ஓர் உருவம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முன்னால் மடித்த இலை. பிபிக் தடாலென்று விழுந்து கும்பிட்டார். குடும்பமே பின்னால் விழுந்தது. பிபிக் தலையைத் தூக்காமலே, "அப்பா, வயிறு நிறைந்ததா?" என்று மலாயில் கேட்டார்.

மாரிமுத்து கையெடுத்துக் கும்பிட்டு, "கென்யாங், கென்யாங்" என்றான். நிறைந்தது, நிறைந்தது என்று அர்த்தம். அதில் பொய்யில்லை.

நான் அண்ணன் காதில், "பேசாம இருங்கண்ணே. அவங்களே கும்பிட்டுட்டு போயிருவாங்க" என்றேன். உண்மையில் அப்படியே போயிருப்பார்கள். மாமனாரை நேரில் கண்ட சந்தோஷத்தில் பிபிக் ஆபீசுக்கென்ன, அண்ணனுக்காகக் கோலாலம்பூருக்கே வந்திருப்பார். அண்ணன் முகம் வெளுத்து மாரிமுத்து முகத்தோடு ஒத்துப்போனது. ஆனால் டிக்கெட் இல்லாத ஆளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப்போக அவருக்குத் தெரியாது. அந்த ஆள் அவரே ஆனாலும்.

"பிபிக், எந்திரிங்க" என்று மலாயில் சொன்னார். "இது உங்க மாமனார் இல்ல. ரொட்டிக்கடை மாரிமுத்து. உங்களைக் கேக்காம நான்தான் இந்த ரூம்ல வெச்சேன். இன்னிக்கு விஷயத்த இவன்கிட்டயும் சொல்லல. தப்பு பூரா என்னுது."

பிபிக் எழுந்து சாரோங்கைத் தட்டினார். "நான் உனக்கு எத்தனை கண்டிஷன் போட்டேன்?" என்றார்.

"ஒண்ணு."

"அதை உன்னால் காப்பாற்ற முடியவில்லை." அண்ணன் வேட்டி நுனியைப் பிடித்தபடி நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கீழே கிடக்கும் டிக்கெட்டைக்கூடக் குனிந்து எடுக்க மாட்டார், நீயே எடு என்பார். அந்த மனிதர் அன்று தலையைத் தூக்கவே இல்லை.

மாரிமுத்துவுக்கு அப்போதுதான் யாருடைய சாப்பாட்டைச் சாப்பிட்டோம் என்று புரிந்தது. அழுகிற மாதிரி ஆகிவிட்டான். ஏதாவது சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டுமே என்று தனக்குத் தெரிந்த மலாயில், "ரொம்ப ருசிங்க பிபிக். சத்தியமா இந்த மாதிரி சாப்பிட்டதே இல்ல" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையைப் பேசிவிட்ட அண்ணனைப் பார்த்து அவனுக்கும் உண்மை ஒட்டிக்கொண்டது. "சம்பால்லதான் உப்பு ஒரு கை கூட."

பிபிக் அவனையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

"இவ்வளவு காலமாக இலை போடுகிறேன், ஒருநாளும் பதில் வந்ததில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இவன் இங்கேயே இருக்கட்டும். ஆனால் இந்த அறைக்கு யார் வரலாம், யார் போகலாம் என்று இனிமேல் நீ சொல்லாதே. மாமனார் சொல்வார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பிபிக் வந்தபோது வீட்டில் உள்வாடகைக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர். அவர் போனபோது அண்ணனும் உள்வாடகைக்காரர் ஆகியிருந்தார். வீடு தப்பியது. ஆபீசுக்கு வருவாரா மாட்டாரா என்று பிபிக் சொல்லவில்லை. போய்க் கேட்க அண்ணனுக்குத் துணிச்சல் இல்லை. பொங்கல் போனது. மறுநாளிலிருந்து எங்களுக்குக் குளியல் டிக்கெட் தருவதையே மறந்துவிட்டார். நானும் மாரிமுத்துவும் கொடியில் இஷ்டத்துக்குத் துண்டு காயப்போட்டோம், அதில் ஒரு சுகமும் இல்லை.

ஆபீசுக்குப் போகும் நாளில் காக்கியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்திக்கொண்டார். துணைக்கு நான் போனேன். வழியெல்லாம் மலாயில் பதில்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "யாரும் வரலன்னா என்னா சொல்றது தம்பி? எனக்குன்னு யாரு இருக்கான்னு கேப்பான்ல?" என்றார்.

ஆபீஸ் வாசல் பெஞ்சில், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு, பிபிக் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "தாமதம்" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அண்ணனைப் பார்த்தார், பிறகு பிபிக்கைப் பார்த்தார். "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்" என்றார் பிபிக்.

"எப்படிப்பட்ட ஆள்?"

"தொல்லை பிடித்தவர். ஆனால் பொய் சொல்ல வராது. தன் காரியமே கெட்டுப்போகும் என்றாலும் வராது. அதை நான் கண்ணால் பார்த்தேன். மாமனாருக்கும் ஆட்சேபணை இல்லை."

"மாமனார் வந்திருக்கிறாரா?"

"அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை."

வயதானவர் போலிருக்கிறது என்று அதிகாரி தலையாட்டிக்கொண்டார். அண்ணனிடம் ஏதோ இரண்டு கேள்வி கேட்டார், செக்கர் முன்னால் நிற்கும் பஸ் கண்டக்டர் மாதிரி அண்ணன் நின்று பதில் சொன்னார். காகிதத்தில் முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் அண்ணன் பிபிக்கின் காலைத் தொடக் குனியப் போனார். பிபிக் குடையால் தடுத்து, "வெயில் ஏறுகிறது, நட" என்றார். அன்று சாயங்காலம் எங்களுக்கு மறுபடி குளியல் டிக்கெட் கிடைத்தது. மாரிமுத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அண்ணன் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவளைக் கேட்க வேண்டிய கேள்விகளை நினைத்து அவருக்கே அலுத்திருக்கும். காஜா பெராங்கிலேயே இருந்து, காஜா பெராங்கிலேயே கண்ணை மூடினார். எடுத்துப் போட ஒரு சொந்தக்காரனும் வரவில்லை. நானும் மாரிமுத்துவும்தான் கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். முகஜாடை பார்த்திருந்தால் இரண்டு பேருமே தேறியிருக்க மாட்டோம்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து போனார். அறை வாடகை யோசனை என்ன ஆயிற்றோ தெரியாது. என் வீட்டிலும் ஓர் அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இப்போது ஒரு கல்லூரிப் பையன் இருக்கிறான். குறட்டை விடுகிறான், குளிக்கும்போது பாடுகிறான், துண்டை எங்கேயோ போடுகிறான். நான் ஒன்றும் கேட்பதில்லை. அவனுக்கு நான் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: பொங்கலுக்கு முதல் நாள் மத்தியானம் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் அண்ணன் சாப்பிட வருவார்.